சிலந்தி பறவையைத் தின்னுமா? படம் வரைந்தவரைக் கேலி செய்த அறிஞர்கள்... 158 ஆண்டு கழித்து என்ன ஆச்சு? யார் இந்த மரியா மேரியன்?

ஒரு கொய்யா மரக்கிளை. அதில் உடம்பெல்லாம் முடி அடர்ந்த ஒரு பெரிய கறுப்புச் சிலந்தி. அதன் கால்களுக்கு அடியில் ஒரு குட்டிப் பறவை மல்லாந்து கிடக்கிறது. பக்கத்திலேயே அதன் கூடு, உள்ளே முட்டைகள். இன்னொரு பக்கம் எறும்புகள் சாரை சாரையாக ஓடுகின்றன.

1705-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஒரு புத்தகத்தின் 18-வது படம் இது. வரைந்தவர் மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஓவியர். சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்று பிற்கால அறிஞர்கள் சிரித்தார்கள். காட்டு மக்கள் சொன்ன கதையை நம்பி ஏமாந்துவிட்டார் என்றும் எழுதினார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் யாரும் அவர் போன காட்டுக்குப் போனதில்லை என்பதுதான் வேடிக்கை. யார் இந்த மேரியன்? 52 வயதில் கடல் தாண்டிப் போய் அவர் பார்த்தது என்ன? கடைசியில் யார் சொன்னது சரியாக இருந்தது? விரிவாகப் பார்ப்போம்.

13 வயதில் வளர்த்த பட்டுப்புழு

மேரியன் பிறந்தது 1647 ஏப்ரல் 2, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில். அப்பா மத்தேயுஸ் மேரியன், செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிடுவதில் ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்றவர். ஆனால் மகளுக்கு 3 வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். அந்த இரண்டாவது அப்பா யாக்கோப் மாரெல், பூக்கள் வரைவதில் கைதேர்ந்த ஓவியர். சிறுமிக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அந்தக் காலத்துப் பெண் பிள்ளைகள் பூ வரைவது சகஜம். இந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். முட்டை பொரிந்து புழு வருவது, புழு நூல் சுற்றிக் கூடு கட்டுவது, கூட்டைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வருவது என ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார்.

பட்டுப்புழுவே இப்படி என்றால் தோட்டத்தில் இருக்கிற மற்ற புழுக்கள் என்ன ஆகும்? இந்தக் கேள்விதான் அடுத்த 50 வருடங்களுக்கு அவரை ஓட வைத்தது.

சேற்றில் இருந்து பூச்சி பிறக்குமா?

கம்பளிப்பூச்சிதான் பட்டாம்பூச்சியாக மாறுகிறது என்பது இன்றைக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். 17-ம் நூற்றாண்டில் நிலைமை வேறு. சேறு, பனித்துளி, அழுகிய இறைச்சி இவற்றில் இருந்து பூச்சிகள் தானாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பினார்கள். பட்டு வளர்ப்பவர்களுக்குப் பட்டுப்புழுவின் கதை தெரியும். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் அதே கதைதான் என்று பலர் யோசித்துப் பார்க்கவில்லை.

1668-ல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ ரெடி ஒரு சோதனை செய்தார். இறைச்சி வைத்த சில பாத்திரங்களைத் துணியால் மூடினார், சிலவற்றைத் திறந்து வைத்தார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டும்தான் புழு வைத்தது. பழைய நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கியது.

மேரியன் அதற்கு 8 வருடம் முன்பே புழு வளர்க்கத் தொடங்கிவிட்டார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் இல்லை. அவருடைய ஆய்வுக்கூடம் என்பது சமையலறையும் தோட்டமும்தான். கிடைத்த புழுக்களை எல்லாம் பெட்டியில் போட்டு வளர்ப்பார். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, எதைக் கொடுத்தால் தொடாமல் பட்டினி கிடக்கிறது என்று பார்ப்பார். கூடு கட்டிய பிறகு நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் காத்திருப்பார்.

சில நேரம் பட்டாம்பூச்சி வரவேண்டிய கூட்டில் இருந்து சின்னச் சின்ன ஈ போன்ற பூச்சிகள் கூட்டமாக வந்தன. புழுவின் உடம்புக்குள் வேறொரு பூச்சி முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். அவருக்கு அதற்கான விளக்கம் பிடிபடவில்லை. ஆனாலும் பிடிக்காததை மறைக்காமல், பார்த்ததை அப்படியே வரைந்து வைத்தார்.

ஒரே பக்கத்தில் ஒரு முழு வாழ்க்கை

1665-ல் மாரெலின் மாணவர் யோஹன் ஆண்ட்ரியாஸ் கிராஃப் என்பவரோடு கல்யாணம். பிறகு நியூரம்பெர்க் நகரில் குடும்பம். யோஹன்னா ஹெலெனா, டோரோத்தியா மரியா என இரண்டு பெண் குழந்தைகள். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் எம்பிராய்டரியும் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். எம்பிராய்டரிக்கு மாதிரியாகப் பயன்படும் பூ ஓவியப் புத்தகங்களையும் வெளியிட்டார்.

1679-ல் அவருடைய கம்பளிப்பூச்சிப் புத்தகம் வந்தது. மொத்தம் 50 படங்கள். 1683-ல் இரண்டாம் பாகம், இன்னும் 50 படங்கள்.

இதில் என்ன புதுமை? அதுவரை பூச்சிப் படம் என்றால், அலமாரியில் அடுக்கியதுபோலத் தனித்தனியாக வரிசையாக இருக்கும். மேரியன் ஒரு செடியை வரைந்தார். அந்தச் செடியிலேயே முட்டை, இலையைக் கடிக்கும் புழு, தொங்கும் கூடு, சிறகு விரித்த பட்டாம்பூச்சி என எல்லாவற்றையும் வைத்தார். எந்தப் பூச்சி எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். அழகுக்காகப் புத்தகம் வாங்கியவர்கள் அறிவியலையும் சேர்த்து வாங்கிப் போனார்கள்.

கணவர் வந்து கூப்பிட்டும் போகவில்லை

1681-ல் மாரெல் இறந்ததும் மேரியன் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பினார். கணவரோடு விரிசல் பெரிதாகிக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் வயதான அம்மாவையும் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் வடக்கே வியூவெர்ட் என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மாளிகையில் லபாடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சொத்தைப் பொதுவில் வைத்து எளிமையாக வாழ்ந்து வந்தார்கள். கணவர் தேடி வந்து கூப்பிட்டார். மேரியன் அசையவில்லை. 1692-ல் விவாகரத்து முடிவானது.

அந்த மாளிகை, தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனியான சுரினாமின் கவர்னர் குடும்பத்துக்குச் சொந்தமானது. சுரினாம் என்ற பெயர் மேரியனின் வாழ்க்கைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அம்மா இறந்த பிறகு, 1691-ல் மகள்களோடு ஆம்ஸ்டர்டாம் போனார். உலகம் முழுக்கக் கப்பல் விட்டுக் காசு பார்த்த ஊர் அது. பணக்காரர்கள் வீட்டில் தூர தேசத்துப் பட்டாம்பூச்சிகளும் சிப்பிகளும் பெட்டி பெட்டியாகக் குவிந்து கிடந்தன. நகர மேயர் நிகோலாஸ் விட்சன் வைத்திருந்த சேகரிப்பையும் மேரியன் பார்த்தார். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாமே செத்துக் காய்ந்தவை. எந்தப் புழுவில் இருந்து வந்தது? எந்த இலையைத் தின்றது? பதில் இல்லை. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

255 ஓவியங்களை விற்று ஒரு பயணம்

அரசரோ கம்பெனியோ பணம் கொடுத்து அனுப்பிய பயணம் இல்லை இது. தன்னுடைய 255 ஓவியங்களை விற்றுக் காசு சேர்த்தார். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று உயிலும் எழுதி வைத்தார். 1699 ஜூனில், 21 வயது மகள் டோரோத்தியாவோடு கப்பல் ஏறினார். அப்போது மேரியனுக்கு வயது 52. ஆண் துணை இல்லாமல் அம்மாவும் மகளும் மட்டும், புழு பூச்சியைப் பார்ப்பதற்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள்.

சுரினாம் பற்றி ஒரு சின்னத் தகவல். 1667-ல் இங்கிலாந்தும் டச்சுக்காரர்களும் சண்டையை நிறுத்தி ஒப்பந்தம் போட்டபோது, டச்சுக்காரர்கள் சுரினாமை வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்த இன்னொரு ஊர் அவர்களுக்கே போனது. அந்த ஊர்தான் இன்றைய நியூயார்க். சர்க்கரையில் அவ்வளவு லாபம் இருந்தது!

அந்த லாபம் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் வந்தது. தோட்ட முதலாளிகளுக்குக் கரும்பைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. புழுவைத் தேடி வந்த இந்த அம்மாவைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு வளமான மண்ணில் கரும்பைத் தவிர வேறு எதையும் பயிரிட இவர்களுக்குத் தோன்றவில்லையே என்று மேரியன் புத்தகத்தில் பதிலுக்குக் குறை சொன்னார்.

தலைநகர் பாராமாரிபோவில் வீடு எடுத்துத் தங்கினார்கள். கொளுத்தும் வெயில், ஓயாத மழை, வழி இல்லாத காடு. முள்ளையும் புதரையும் கத்தியால் வெட்டி வழி ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் அடிமைகள். எந்தச் செடி எதற்கு உதவும், எந்தப் புழு எங்கே இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அடிமைகளும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும்தான். அவர்கள் சொன்னதை மேரியன் காதுகொடுத்துக் கேட்டார், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகப் புத்தகத்திலும் பதிவு செய்தார். அதே சமயம் ஒன்றை மறைக்க முடியாது. அவரும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவர்தான். உதவிய ஒருவருடைய பெயர்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை.

நம்ம ஊர் மயில்கொன்றைக்குப் பின்னால் இப்படி ஒரு கதையா?

பள்ளிக்கூட வாசல், பூங்கா, வீட்டு முன்பக்கம் என்று நம் ஊரில் எங்கும் பார்க்கிற செடி மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும். இதே செடியை மேரியன் சுரினாமில் வரைந்திருக்கிறார். அவருடைய புத்தகத்தில் 45-வது படம் அது.

படத்துக்குக் கீழே அவர் எழுதியிருக்கும் செய்தி கனமானது. முதலாளிகளின் கொடுமை தாங்காத அடிமைப் பெண்கள், தங்களுக்குப் பிறக்கும் குழந்தையும் அடிமையாகிவிடக் கூடாது என்று இந்தச் செடியின் விதையைக் கொண்டு கருவைக் கலைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அது. அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாகவும் மேரியன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்துப் பூச்சிப் புத்தகம் ஒன்றில் யாரும் எதிர்பார்க்காத வரிகள் இவை.

பிறகு நடந்ததுதான் இன்னும் யோசிக்க வைப்பது. மயில்கொன்றையின் விதை ஐரோப்பாவுக்குப் போனது. பெரிய தோட்டங்களில் அழகுச் செடியாக வளர்த்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்த மருத்துவத் தகவல் மட்டும் ஐரோப்பிய மருத்துவத்துக்குள் போகவே இல்லை. பூவை எடுத்துக்கொண்டவர்கள், அதோடு இருந்த அறிவை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

முதல் பக்கத்தில் அன்னாசி, கூடவே கரப்பான்பூச்சி

நினைத்ததைவிடச் சீக்கிரமே உடம்பு படுத்துவிட்டது. மலேரியாவாக இருக்கலாம் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். 1701-ல் ஊர் திரும்பினார். சாராயத்தில் ஊறவைத்த பாம்பு, முதலை, உலர்த்திய பட்டாம்பூச்சி, கூட்டுப்புழு எல்லாம் கூடவே வந்தன. பூர்வகுடிப் பெண் ஒருவரையும் தன்னோடு அழைத்து வந்தார்.

நான்கு வருட உழைப்புக்குப் பிறகு, 1705-ல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அந்தப் பெரிய புத்தகம் வெளியானது. டச்சு, லத்தீன் என இரண்டு மொழிகளில், 60 படங்களுடன், சொந்தச் செலவில்.

முதல் படமே அன்னாசிப்பழம். ஐரோப்பாவில் அப்போது அரிதாகவே பார்க்கக் கிடைத்த பழம். அதைச் சுற்றி மேரியன் வரைந்தது என்ன தெரியுமா? கரப்பான்பூச்சிகள்! காட்டில் இருப்பதைத்தான் வரைவேன் என்று முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டார். இன்னொரு படத்தில் ஒரு தேரை. அதன் முதுகுத் தோலுக்குள் இருந்து குட்டித் தேரைகள் எட்டிப் பார்க்கின்றன. கற்பனை மாதிரித் தெரியும். ஆனால் சுரினாம் தேரை உண்மையிலேயே முட்டைகளை முதுகில் சுமந்து, அங்கிருந்துதான் குஞ்சு பொரிக்கிறது.

கேலி ஆரம்பித்தது எப்படி?

மேரியன் இருந்தவரை புத்தகத்துக்கு நல்ல மரியாதை. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ், பல பூச்சிகளை விவரிக்க மேரியனின் படங்களையே ஆதாரமாகக் காட்டினார். 1758-ல் அந்தச் சிலந்திக்கு லத்தீனில் குட்டிப் பறவை என்ற பொருள் வரும்படி அவிகுலாரியா என்று பெயர் வைத்தார்.

19-ம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. கரீபியன் தீவான செயின்ட் வின்சென்ட்டில் இருந்த லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார், மேரியனின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த விமர்சனம் 1834-ல் அச்சானது. இத்தனைக்கும் கில்டிங் சுரினாம் போனதே இல்லை. மேரியன் இறந்த பிறகு வந்த பதிப்புகளில் அவர் வரையாத சில படங்களும் சேர்ந்துவிட்டன. அந்தப் பழியும் அவர் தலையில் விழுந்தது.

அதே காலத்தில் கியூபாவில் இருந்த வில்லியம் மெக்லே என்ற பூச்சியியலாளர் ஒரு சோதனையே செய்து பார்த்தார். பெரிய சிலந்தி ஒன்றின் வளைக்குள் உயிரோடு ஒரு ஹம்மிங்பேர்ட் பறவையை வைத்தார். சிலந்தி பறவையைத் தொடாமல் வெளியே ஓடிவிட்டது. அவ்வளவுதான், மேரியன் சொன்னது கட்டுக்கதை என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கியூபாவின் சிலந்தி வேறு, சுரினாம் காட்டின் சிலந்தி வேறு என்று யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

அமேசானில் கிடைத்த சாட்சி

1863-ல் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் தன் அமேசான் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 11 வருடங்கள் அந்தக் காட்டில் அலைந்தவர் அவர்.

ஒரு மரத்தின் பிளவில் வலை. அதில் இரண்டு குட்டிப் பறவைகள் சிக்கியிருந்தன. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று பெரிய முடிச் சிலந்தியின் உடம்புக்கு அடியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. இதைத் தன் கண்ணால் பார்த்ததாக பேட்ஸ் எழுதினார். மேரியன் பெயரையும் குறிப்பிட்டார். அவருடைய புத்தகம் வெளியாகி அப்போது 158 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எறும்பு விஷயத்திலும் இதே கதைதான். ஒரே இரவில் மரத்தை மொட்டையாக்கும் எறும்புகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உடம்பாலேயே பாலம் கட்டும் எறும்புகள் என்று மேரியன் எழுதியிருந்தார். இரண்டுமே உண்மை. ஆனால் இலை வெட்டுவது ஒரு வகை, பாலம் கட்டுவது வேறு வகை. இரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

அவர் தப்பே செய்யவில்லையா?

செய்திருக்கிறார். தலையில் பெரிய கொம்பு போல நீண்டிருக்கும் ஒரு பூச்சியைப் பூர்வகுடிகள் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவில் பெட்டிக்குள் ஒரே சத்தம். திறந்தால் உள்ளே இருந்து தீ பாய்ந்ததுபோல வெளிச்சம் வந்ததாகவும், பயந்து பெட்டியைக் கீழே போட்டுவிட்டதாகவும் மேரியன் எழுதியிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் செய்தித்தாளே படிக்கலாம் என்பது அவர் கணக்கு.

அந்தப் பூச்சி ஒளி வீசுவதே இல்லை என்று பிறகு உறுதியானது. ஆனால் லின்னேயஸ் அதற்குள் விளக்கு என்ற பொருள் வரும்படி லாட்டர்னேரியா என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. சிலந்தியின் பெயரும் மேரியனால் வந்ததுதான், இந்தப் பூச்சியின் பெயரும் மேரியனால் வந்ததுதான். ஒன்று சரி, ஒன்று தவறு. அவர் எழுதியதில் எதையும் மொத்தமாக நம்பவும் முடியாது, மொத்தமாகத் தள்ளவும் முடியாது. ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேலி செய்தவர்கள் விட்டது அந்த ஒரு வேலையைத்தான்.

ஏழையாகப் போனவர், பண நோட்டில் வந்தார்

1715-ல் பக்கவாதம். 1717 ஜனவரி 13 அன்று ஆம்ஸ்டர்டாமில் மேரியன் காலமானார். இறப்புப் பதிவேட்டில் சொத்தில்லாத ஏழை என்றே அவர் பெயர் இருக்கிறது.

அவர் கண் மூடிய அதே நாட்களில்தான் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர், தன் மருத்துவரை அனுப்பி மேரியனின் ஓவியங்களைப் பெரிய அளவில் வாங்கினார். அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போயின. மகள் டோரோத்தியாவும் ஓவியரான தன் கணவரோடு அதே ஊருக்குப் போய், பீட்டரின் அருங்காட்சியகத்துக்காக வேலை செய்தார். கணித மேதை லியோனார்ட் ஆய்லர் 1776-ல் இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? டோரோத்தியாவின் மகளை, அதாவது மேரியனின் பேத்தியை!

1992-ல் ஜெர்மனி வெளியிட்ட 500 மார்க் நோட்டில் மேரியனின் முகம் இடம்பெற்றது. யூரோ வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது. நோட்டின் பின்பக்கத்தில் தலைவர்கள் யாரும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒரு டேன்டிலியன் செடியும், அதைத் தின்று வளரும் புழுவும், அந்தப் புழு மாறி வந்த பூச்சியும்தான் இருந்தன.